அரை சதம் கூட என்றால் கணக்கை மாற்றலாமா?

சேமிப்புக் கணக்கில் வருஷம் முழுக்க 50,000 ரூபாய் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதவீத வட்டிக்கு 1,250 ரூபாய் வரும். 3 சதவீதம் தரும் வங்கிக்கு மாற்றினால் 1,500. கூடக் கிடைப்பது வருஷத்துக்கு 250 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த ஒருநாள் கூலியே 336 ரூபாய். எங்கள் நயினார்கோவிலிலிருந்து பரமக்குடிக்குப் போய், போட்டோ, ஆதார் நகல், பான் கார்டு என்று ஒவ்வொன்றாக நீட்டி, கையெழுத்துப் போட்டுத் திரும்ப ஒரு பகல் ஆகும். சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். பகல் போனது போனதுதானே?

இப்படிக் கணக்குச் சொன்னால், "அப்ப மாத்தவே வேணாங்கிறீகளா?" என்று கேட்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவு பணம், எத்தனை மாதம் கிடக்கும், அந்தக் கணக்கோடு வேறு என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் வட்டி வீதத்துக்கு வர வேண்டும் என்கிறேன். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரோடு இருப்பதால் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். மாசியில் தொடங்கிச் சித்திரை வரைக்கும் வத்தல் விற்ற பணம் கைக்கு வரும் காலத்தில் இந்தக் கேள்வி அதிகம் வரும்.

பக்கத்துத் தெரு மதினி அப்படித்தான் வந்தார். மானாவாரியில் நெல்லும் முண்டு மிளகாயும் வைக்கிற குடும்பம். இந்த முண்டு வத்தலுக்குத்தான் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பரமக்குடிக் கமிஷன் கடையில் மூடைகளைப் போட்டுவிட்டு வந்திருந்தார். கணக்கில் 1,70,000 ரூபாய் இருந்தது.

"தம்பி, மவன் திருப்பூர்லருந்து போன் போட்டான். இந்த பேங்குல வட்டி ஒண்ணுமே இல்லையாம், வேற பேங்குல கூடத் தாராகளாம். மாத்திருவமா?"

மகன் சொன்னதில் தவறில்லை. 2011 அக்டோபர் 25 வரைக்கும் இந்தக் கேள்விக்கே இடம் இருந்ததில்லை. சேமிப்புக் கணக்குக்கு இவ்வளவுதான் வட்டி என்று ரிசர்வ் வங்கியே நிர்ணயித்து வந்தது. 2003 மார்ச்சிலிருந்து 3.5 சதவீதம், 2011 மே மாதத்தில் 4 சதவீதம். ராமேஸ்வரத்திலும் அதே வட்டி, மும்பையிலும் அதே வட்டி. அந்த அக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்ததும் சில தனியார் வங்கிகள் 6 சதவீதம் என்று ஆள் கூப்பிட்டன. பெரிய வங்கிகள் அசையவில்லை. பிறகு அசைந்தபோது கீழேதான் போயின. பாரத ஸ்டேட் வங்கி 2017 ஜூலை 31இல் 3.5க்கு இறங்கியது, 2020இல் 2.7க்கு, 2025 ஜூன் 15 முதல் 2.5க்கு. எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ வங்கிகளும் அதே ஜூனில் அதே 2.5க்கு வந்து சேர்ந்தன. ஆகவே பெரிய வங்கி ஒன்றிலிருந்து இன்னொரு பெரிய வங்கிக்கு வட்டிக்காக ஓடுவதில் ஒரு பயனும் இல்லை.

கூடத் தருபவை சிறு நிதி வங்கிகளும், சில தனியார் வங்கிகளும், அஞ்சலகமும்தான். சிறு நிதி வங்கிகளின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும். அது பெரும்பாலும் ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் உரியது. ஒரு லட்சம் வரை 3, அதற்கு மேல் 5 என்று ஒரு வங்கி சொல்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். 1,20,000 ரூபாய் போட்டவருக்கு முதல் லட்சத்துக்கு 3,000, மீதி இருபதாயிரத்துக்கு 1,000, ஆக 4,000 ரூபாய் வரும். மொத்தத் தொகைக்குப் பார்த்தால் 3.33 சதவீதம். 5 என்று நம்பிப் போனவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வங்கி பொய் சொல்லவில்லை. வரம்பு எது என்று நாம் கேட்கவில்லை.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 2011 டிசம்பரிலிருந்து 4 சதவீதத்திலேயே நிற்கிறது. 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும், அரசாங்கத்தின் உத்தரவாதமும் உண்டு. பார்த்ததும் இதுதான் சரி என்று தோன்றும். அங்கே வட்டி கணக்கிடும் முறை வேறு என்பதைச் சொல்ல வேண்டும். மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்குள் கணக்கில் எது ஆகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. வங்கிகளிலும் முன்பு இதே வழக்கம்தான். பணம் போட வருகிறவர்கள் 10ஆம் தேதிக்குள் கவுண்டருக்கு வந்துவிட வேண்டும் என்று ஓடி வருவார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் வங்கிகளில் அன்றாட இருப்புக்கு அன்றாடம் வட்டி என்று மாறியது. அஞ்சலகத்தில் பழைய முறையே தொடர்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 நாள் மாதம். ஒரு லட்சம் இருக்கிறது. 28ஆம் தேதி பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு 60,000 எடுக்கிறோம். அஞ்சலகத்தில் குறைந்த இருப்பு 40,000. ஆகவே அந்த மாத வட்டி 133 ரூபாய். 2.5 சதவீதம் தரும் வங்கியில் 27 நாள் முழு லட்சத்துக்கும், 3 நாள் நாற்பதாயிரத்துக்கும் சேர்த்து 193 ரூபாய். கூடுதல் வட்டி தரும் இடத்தில் 60 ரூபாய் குறைவு! அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் அஞ்சலகத்தில் 333, வங்கியில் 205. போட்டுவிட்டு மறந்திருக்கக்கூடிய பணத்துக்கு அஞ்சலகம் நல்லது. அடிக்கடி எடுத்துப் புழங்குகிற பணத்துக்கு அன்றாட வட்டிக் கணக்கு நல்லது.

மதினியின் பணத்துக்கு வருகிறேன். 50,000 வீட்டுச் செலவுக்கும் மருந்துக்கும் கையடியில் இருக்க வேண்டும் என்றார். மீதி 1,20,000 அடுத்த வெள்ளாமைக்கு. வைகாசியிலிருந்து ஐப்பசி வரை ஏறக்குறைய ஆறு மாதம் அது தேவைப்படாது. சேமிப்புக் கணக்கிலேயே விட்டால் 2.5 சதவீதத்துக்கு 1,500 ரூபாய். 3 சதவீத வங்கிக்கு மாற்றினால் 1,800. அதே வங்கியில், அதே கவுண்டரில், ஆறு மாத வைப்பாகப் போட்டால்? 5.5 சதவீதம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 3,300. வங்கியை மாற்றினால் கூட வருவது 300. வங்கியை மாற்றாமல் பணத்தை இடம் மாற்றினால் கூட வருவது 1,800. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். பெரிய தொகையைச் சேமிப்புக் கணக்கில் மாதக்கணக்கில் கிடத்திவிட்டு, அரை சதத்துக்காக ஊர் ஊராக விசாரிக்கிறார்கள்.

"டெபாசிட்ல போட்டா ஆத்திர அவசரத்துக்கு எடுக்க முடியாதுல்ல தம்பி?"

எடுக்கலாம். வழக்கமாக அரை சதமோ ஒரு சதமோ குறைத்துக்கொண்டு, பணம் கிடந்த நாளுக்குரிய வட்டியோடு தருவார்கள். 7 நாளைக்குள் உடைத்தால்தான் வட்டி கிடையாது. ஒரே ரசீதாக 1,20,000 போடாமல் நாற்பதாயிரமாக மூன்று ரசீது போட்டுக்கொண்டால், அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கவுண்டரில் கேட்டால் செய்து தருவார்கள். கேட்காதவர்களுக்கு அவர்களாக எடுத்துச் சொல்லக் கூட்ட நாளில் நேரம் இருக்காது.

அடுத்து நான் கேட்டது வட்டியைப் பற்றி அல்ல. "மதினி, வெளிக்கடன் ஏதும் இருக்கா?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உரத்துக்கும் மருந்துக்கும் வாங்குன நாப்பதாயிரம் இருக்கு. ரெண்டு வட்டிதேன்."

இந்த "ரெண்டு வட்டிதேன்" என்பதில்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் பணம் கரைகிறது. வெளியில் இரண்டு என்பது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. வங்கியின் 2.5 என்பது வருஷத்துக்கு. இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதால், வங்கி அரை ரூபாய் கூடவே தருகிறது என்றுகூட நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மதினி அந்த நாற்பதாயிரத்துக்கு மாதம் 800, வருஷத்துக்கு 9,600 ரூபாய் கட்டுகிறார். அதே நாற்பதாயிரம் அவர் சேமிப்புக் கணக்கில் கிடந்து சம்பாதிப்பது வருஷத்துக்கு 1,000. எந்த வங்கிக்கு மாறினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. கடனை அடைப்பதற்கு ஈடான வட்டியை எந்த வங்கியும் தரப் போவதில்லை.

இது அவருக்குத் தெரியாமல் இல்லை. கையில் பணம் இருக்கும்போதே கடனையும் வைத்திருப்பதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது. மழை பொய்த்தால் என்ன செய்வது? விதைப்புக்கு மறுபடி கை நீட்ட வேண்டி வந்தால் அந்த ஆள் கொடுப்பாரா? வைகைத் தண்ணீர் எப்போதாவது எட்டிப் பார்க்கிற, வடகிழக்குப் பருவமழையை நம்பியே கண்மாய் நிரம்புகிற ஊரில் இந்தப் பயம் நியாயமானது. அதை முட்டாள்தனம் என்று நான் நினைத்ததே இல்லை. பதில் மட்டும் வேறு என்கிறேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிக் கட்டுகிற விவசாயிக்குத் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. விதைப்புக்கு அங்கே போகலாம். இன்றைக்கு இருக்கிற பணத்தில் இரண்டு வட்டிக் கடனை அடைத்துவிடலாம்.

இனி கணக்கோடு ஒட்டியிருப்பவை. இதைத்தான் மகன்கள் போனில் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய், நூறு நாள் வேலைக் கூலி, கேஸ் மானியம் இவையெல்லாம் ஆதார் வழியாக வருபவை. ஒரு ஆதாருக்கு ஒரு சமயத்தில் ஒரு வங்கிதான் மானியம் பெறும் வங்கியாகப் பதிவில் இருக்கும். கடைசியாக எதை இணைத்தோமோ அதுதான். புதுக் கணக்குத் தொடங்கும் விண்ணப்பத்தில் "அரசு உதவித்தொகையை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் படிக்காமல் டிக் அடித்தால், மடையைத் திருப்பிவிட்ட மாதிரி பணம் புதுக் கணக்குக்குப் போகத் தொடங்கும். பழைய பாஸ்புக்கில் பதிந்து பதிந்து பார்த்துவிட்டு "கிசான் பணம் நின்னுபோச்சு" என்று அழுதுகொண்டு வந்த வயசாளிகளைப் பார்த்திருக்கிறேன். பணம் நிற்கவில்லை, இன்னொரு வங்கியில் சேர்ந்துகொண்டிருந்தது. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். இ-சேவை மையத்தில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள்.

மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து 20 ரூபாயும் 436 ரூபாயும் தானாகக் கழிந்திருப்பதைப் பாஸ்புக்கில் பார்த்திருப்பீர்கள். முதலாவது பிரதமரின் விபத்துக் காப்பீடு, இரண்டாவது ஆயுள் காப்பீடு. இரண்டுக்கும் தலா 2 லட்சம். பழைய கணக்கை மூடினால் அந்தக் காப்பீடு முடிந்துவிடும்; துடைத்து வெறுமையாக்கினால் அடுத்த ஜூன் 1 முதல் அது இல்லை. 250 ரூபாய் கூடுதல் வட்டிக்காக 4 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பைத் தெரியாமல் இழந்துவிடக் கூடாது. வெயிலில் ஏறி இறங்கி வேலை செய்கிற குடும்பத்துக்கு அந்த 20 ரூபாய் சாதாரணத் தொகை அல்ல என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

குறைந்தபட்ச இருப்பையும் கேட்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் அந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி ஜூலையிலும் எடுத்தன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் ஐசிஐசிஐ வங்கி நகர்ப்புறப் புதுக் கணக்குகளுக்கு மாதச் சராசரி இருப்பு 50,000 என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் 15,000 ஆக்கியது. ஆகவே இன்றைய நிபந்தனை நாளைக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கூடுதல் வட்டியும் அப்படித்தான். அறிவிப்பு ஒன்றில் அது இறங்கிவிடும்.

பணம் பத்திரமாக இருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. கூட வட்டி தந்து வைப்புகளை இழுத்த ஆர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் சென்னையில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த அடிக்குப் பிறகுதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. 1962இல் வைப்புக் காப்பீடு வந்தது, அப்போது 1,500 ரூபாய் வரை. இப்போது 2020 பிப்ரவரி 4 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சிறு நிதி வங்கிகளுக்கும் இது பொருந்தும். அவை ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளே, அவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. 2020 நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி முடக்கப்பட்டபோது 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் சில நாள் தவித்தார்கள், டி.பி.எஸ். வங்கியோடு இணைந்ததும் வைப்பாளர் பணம் முழுசாகக் கிடைத்தது. அந்தச் சில நாளில் ஒரு வீட்டில் கல்யாணமோ ஆபரேஷனோ இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதால்தான், எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்கிறேன். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் போடும் வைப்புக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். பரமக்குடியிலோ மதுரையிலோ போர்டு மாட்டி மாதம் பத்து சதம் தருகிறோம் என்கிற "நிதி நிறுவனங்களை" இந்தப் பேச்சிலேயே நான் சேர்க்கவில்லை. அது வட்டி வித்தியாசம் அல்ல.

யார் மாற்ற வேண்டும்? கணக்கில் எப்போதும் மூன்று நான்கு லட்சம் இருக்கிறது, எந்நேரமும் எடுக்க வேண்டியிருக்கிறது, வைப்பில் கட்ட முடியாது என்கிற கடைக்காரருக்கு வித்தியாசம் உண்டு. 3 லட்சத்துக்கு ஒன்றரை சதம் என்றால் வருஷம் 4,500. அவர் இரண்டாவது கணக்கு தொடங்கலாம். பழையதை மூட வேண்டியதில்லை. மானியமும் காப்பீடும் பழையதிலேயே ஓடட்டும், பெருந்தொகை மட்டும் புதியதில் இருக்கட்டும். மதினிக்கு நான் சொன்னது இந்த வரிசைதான்: கடனுக்கு 40,000, இரண்டு ரசீதாக 80,000, கணக்கில் 50,000. அந்த ஐம்பதாயிரத்துக்காக வங்கி மாற வேண்டியதில்லை.

வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் உள்ள வீடுகள் இந்தக் கடற்கரை மாவட்டத்தில் நிறைய. வெளிநாட்டு வேலைக்குப் போனபின் அவர் பெயரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். அங்கிருந்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அரை சதம் எங்கே கூட என்று தேடுவதற்கு முன் அவர்கள் முடிக்க வேண்டிய வேலை இது.

எல்லாம் பார்த்து, மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அவசரப்பட வேண்டாம். புதுக் கணக்கில் ஒரு மானியமாவது வந்து விழுந்ததைப் பாஸ்புக்கில் பார்த்த பிறகு பழையதைத் தொடுங்கள். எல்.ஐ.சி. பிரீமியம், கடன் தவணை எதெல்லாம் பழைய கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது என்று ஒரு வருஷப் பதிவைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நாமினி பெயரைப் புதிய கணக்கில் முதல் நாளே எழுதுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்வதானால் இரண்டின் விவரமும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும்; பத்து வருஷம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் வாரிசுகள் அலைய வேண்டும்.

வங்கிக் கணக்கை எந்தத் தேதியில் மூடினாலும் அந்த நாள் வரைக்கான வட்டி உங்களுக்கு உரியது, கேட்டு வாங்குங்கள். அஞ்சலகக் கணக்கை மூடுகிறவர்களுக்கு முந்தைய மாதம் வரைதான் வட்டி. ஆகவே அங்கே மாதக் கடைசியில் போய் மூடாமல், அடுத்த மாதம் பிறந்ததும் முதல் வேலையாகப் போய் மூடுங்கள்.